டிராமுக்கு எண்ணெய்க் காப்பு

கெல்டன் தோட்டத்துக்கு நகரம் இன்னும் வரவில்லை. டிராம் வந்துவிட்டது.

செம்பனை மரங்களை வெட்டிச் சாய்த்த செம்மண் மேட்டில், பழைய துரை பங்களாவிலிருந்து கீழே மாதிரி வீடு வரைக்கும் தண்டவாளம் போட்டிருந்தார்கள். மேலே மின்கம்பி. அதன் கீழே மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒற்றைப் பெட்டி டிராம். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர் வேண்டாம் என்று கழித்துவிட்டதைக் கப்பலில் ஏற்றி மலேசியாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீடு வாங்க வருகிறவர்கள் பங்களாவில் காப்பி குடித்துவிட்டு, டிராமில் ஏறி, இறக்கத்தில் இறங்கி, மாதிரி வீட்டின் குளியலறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே வருவதற்குள் மனம் கரைந்து கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதுதான் கம்பெனியின் திட்டம். செண்டாயான் பக்கம் முளைத்த குடியிருப்புகளில் எல்லாம் நீச்சல்குளம் இருந்தது. டிராம் யாரிடமும் இல்லை.

அதை ஓட்டும் வேலை குமுதவல்லிக்குக் கிடைத்தது.

அவளுக்கு டிராம் மீது ஆசை எதுவும் கிடையாது. பகல் வேலை என்றார்கள், அதற்காகப் போனாள். அதுவரைக்கும் சுங்கை காடுட்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இரவெல்லாம் ரப்பர் விரல்களை எண்ணிவிட்டு வந்து, பகலில் தோட்டத்து லய வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பாள். வெயில் மேலே ஏறி உட்காரும். பக்கத்து வீட்டு மாரியம்மாவின் டிவியில் யாராவது அழுவார்கள். தூக்கம் வருவதற்குள் ஷிப்ட் பஸ் வந்துவிடும். கணவன் ரவிச்சந்திரன் நீலாயில் பகல் லோரி ஓட்டினான். இருவரும் வாசலில் செருப்பு மாற்றும்போது பார்த்துக்கொள்வார்கள். கல்யாணம் இத்தனை வருஷம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பது மாரியம்மாவின் கருத்து.

இப்போது சோதனைக் காலம். திறப்பு விழா ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். கோளாறு என்றால் கதை முடிந்தது. தொழிற்சாலையில் அவளுடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. இரவு ஷிப்டுக்கு ஆள் பிடிப்பது அவ்வளவு கஷ்டம். சூப்பர்வைசர் வாரம் தவறாமல் வாட்சப்பில் ஒரு சிரிப்பு முகம் அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

டிராமோடு கூடவே வந்த ஒரு வெள்ளைக்காரர் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அதனால் பாடம் சீக்கிரம் முடிந்தது. இடது கையில் பித்தளைப் பிடி, திருப்பினால் மின்சாரம். வலது கையில் பிரேக். காலடியில் ஒரு பொத்தான், மிதித்தால் மணி. பக்கத்தில் ஒரு நெம்புகோல், இழுத்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும்.

மணல்தான் முக்கியம் என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். ஈரம் பட்டால் வழுக்கும். வழுக்கினால் பிரேக் பிடித்தும் பிரயோசனம் இல்லை, சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. மணல் விழுந்தால்தான் பிடிப்பு. அந்த மணல் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் மழையில் எந்த மணல் காயும்? ஆகவே குமுதவல்லி தினம் காலையில் ஷெட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியில் மணலை வறுத்தாள். இது தோட்டம் முழுக்கப் பரவியது.

“என்ன குமுதா, உப்புமாவா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாரியம்மா கேட்டாள்.

“மணல்கா.”

“தாளிப்பியா, அப்படியேதானா?”

மணலைப் பெருமையாக நினைத்த ஒரே மனிதர் ஜெயசங்கர். சிரம்பான்காரர், யாழ்ப்பாணத்து வழி, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். கம்பெனி அவரை மரபு ஆலோசகர் என்று வைத்திருந்தது. பயணிகளுக்கு டிராம் வரலாறு சொல்வது அவர் வேலை. பயணிகள் இல்லாததால் குமுதவல்லிக்குச் சொன்னார்.

“முதல்ல குதிரை இழுத்தது பிள்ளை. பிறகு நீராவி. பிறகுதான் கரண்ட். பினாங்கில ஓடினது. சிங்கப்பூரில ஓடினது. மெட்ராஸில ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைஞ்சில தொடங்கி ஐம்பத்துமூன்றில நிறுத்திப்போட்டினம்.”

“ஏன் சார் நிறுத்துனாங்க?”

“பஸ் வந்திட்டுது. கார் வந்திட்டுது. டிராமுக்கு ஒதுங்கத் தெரியாது. ரோட்டில எல்லாரும் அதைத் திட்டத் தொடங்கிட்டினம்.”

“இங்க திட்டுறதுக்கு ரோட்டுல ஆளே இல்லியே சார்.”

“அதுதான் பிள்ளை, இது பிழைச்சிருக்கும்.”

ஆண்டு சொல்வதில் மனிதர் கறார். ஒருமுறை கம்பெனி விளம்பரத்தில் ஒரு வருஷம் தவறாக அச்சாகிவிட்டது. அத்தனை தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தினார். இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்திய வாரம் தங்கராஜு வந்தார். தோட்டத்தின் முன்னாள் மண்டோர், அதாவது கங்காணி. இப்போது மேய்ப்பதற்குக் கூலியாட்கள் இல்லாததால் முனியாண்டி கோவில் கமிட்டியை மேய்த்துக்கொண்டிருந்தார். டிராமில் ஏறி, ஓட்டுகிற இடத்தை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

“ஸ்டேரிங் எங்கம்மா?”

“இல்லண்ணே.”

“ரிப்பேருக்குக் கொடுத்திருக்காங்களா?”

“இதுக்கு ஸ்டேரிங்கே கிடையாதுண்ணே. தண்டவாளம் போற பக்கம் போகும்.”

தங்கராஜு அவளை நிதானமாகப் பார்த்தார். “அப்ப நீ எதுக்கு?”

அவளுக்குப் பதில் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதுதான் கிடைத்தது. நிறுத்துவதற்கு. ஓடுவது அதுவாக ஓடும், நிறுத்தத்தான் ஆள். ஆனால் அதற்குள் தங்கராஜு போய்விட்டிருந்தார். வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் வந்த விஷயம் வேறு. தோட்டத்துக்குள் எந்தப் புதுவண்டி வந்தாலும் முதலில் முனியாண்டி முன்னால் போய் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மற்றது.

“லோரி வந்திருக்கு. மோட்டார் வந்திருக்கு. பழைய மேனேஜரோட பென்ஸ் கூட வந்து நின்னுட்டுத்தான் போச்சு. இத மட்டும் விட முடியாது லா.”

“வண்டி திரும்பாதுண்ணே. சாமி அந்தப் பக்கம் இருக்கு.”

“லேசா ஒடிச்சுத் திருப்பு.”

“எதப் புடிச்சு ஒடிக்கிறது?”

“ரிவர்ஸ் எடு.”

“ரிவர்ஸ் எடுத்தாலும் அதே கோட்டுலதான் போகும்.”

“என்னா வண்டி லா இது, சுளுக்குப் புடிச்ச மாதிரி” என்று இறங்கிப் போனார். கமிட்டி கூடி இரண்டு இரவு பேசியது. முனியாண்டியைப் பெயர்த்து எடுத்துவந்து தண்டவாளத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொல்லி அடி வாங்கப் பார்த்தார். கடைசியில் தங்கராஜுவே வழி கண்டுபிடித்தார். அது என்ன வழி என்று குமுதவல்லிக்கு யாரும் சொல்லவில்லை. பூஜை நடக்கும், பழம் வைப்போம் என்றார்கள். பழம்தானே, நசுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விழா நாள் காலை. வழக்கமாக மணல் வறுத்து முடித்ததும் தண்டவாளத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வருவாள். அன்று முடியவில்லை. விற்பனைத் தலைவி விஜிதா கோலாலம்பூரிலிருந்து ஒரு சீருடையோடு வந்து இறங்கியிருந்தாள். பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கம்பளிக் கோட்டு. பனி பெய்கிற ஊருக்குத் தைத்தது.

“மேடம், இத போட்டா வெந்துருவேன்.”

“ஹெரிட்டேஜ் லா, குமுதா. போட்டோவுக்கு அழகா இருக்கும். ஒரு நாள்தானே?”

“வேர்வை தெரியுமே மேடம்.”

“ஃபில்டர் போட்டுக்கலாம்.”

பொத்தான்களைப் பூட்டி முடிப்பதற்குள் கீழே மேளம் கேட்டது. குமுதவல்லி ஷெட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இறக்கத்தில் கமிட்டி ஆட்கள் நின்றார்கள். நடுவில் ஜெயசங்கர், கழுத்தில் ரோஜா மாலை, தலையில் பட்டுத் துணியில் பரிவட்டம். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குப் பரிவட்டம் கட்டியிருக்கிறார்கள். அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை வந்திருந்தது. மனிதர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சக்கரங்களுக்கு அடியில் பழம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறிக்கொண்டாள்.

வண்டியில் வீடு வாங்க வந்த குடும்பங்கள், விஜிதா, பரிவட்டத்தோடு ஜெயசங்கர். கீழே மாதிரி வீட்டின் முன்னால் நாடா கட்டி, தங்கக் கத்தரிக்கோலோடு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் காத்திருந்தார். டிராம் நாடாவுக்கு முன்னால் வந்து நிற்கும், டத்தோ வெட்டுவார், எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நாடாவுக்கு அப்பால் மிச்சமிருந்த தண்டவாளத்தின் மேலேயே பந்தல் போட்டு விருந்து மேசையைப் பரப்பியிருந்தார்கள். டிராம் அங்கே வராதே என்று சமையல்காரர்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

பழங்கள் நசுங்கின. மேளம் உச்சத்துக்குப் போனது. டிராம் மெதுவாக நகர்ந்து இறக்கத்தைத் தொட்டது. குமுதவல்லி மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பிடித்தாள்.

சக்கரங்கள் சுழல்வதை நிறுத்தின. டிராம் போய்க்கொண்டே இருந்தது.

“சார்,” என்றாள் முன்னாலேயே பார்த்துக்கொண்டு. “தண்டவாளத்துல என்ன செஞ்சாங்க?”

“என்ன அருமை பிள்ளை! வண்டி சாமியிட்ட வரமாட்டுதெண்டா, சாமிக்குச் செய்யிறதை வண்டிப் பாதைக்குச் செய்வம் எண்டு தங்கராஜு சொன்னார். எண்ணெய்க் காப்பு. இங்கயிருந்து அடி வரைக்கும் ரெண்டு பக்கமும். நல்லெண்ணெய். நான்தான் முதல் சொட்டு விட்டனான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் படித்த அத்தனை டிராம் புத்தகமும் அந்த நொடியில் அவர் மேல் விழுந்திருக்க வேண்டும். “ஐயோ” என்றார்.

டிராம் வேகமாக ஒன்றும் போகவில்லை. அதுதான் கொடுமை. வயிறு முட்டத் தின்ற எருமை போல, யாருக்கும் அவசரமில்லை என்பது போல, வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஓடித் தப்பிக்கும் வேகமும் இல்லை, பிடித்து நிறுத்தும் கனமும் இல்லை. என்ன நடக்கப் போகிறது என்று எல்லாரும் நிதானமாக நின்று பார்க்க முடிந்தது.

குமுதவல்லி மணல் நெம்புகோலை இழுத்தாள். மணல் கொட்டியது. எண்ணெயோடு குழைந்து பசையாகி வழுக்கல் பாதியானது, வண்டி நிற்கவில்லை. இன்னும் இழுத்தாள். காலால் மணியை மிதித்தாள், மிதித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஒரு குழந்தை அந்த மணிக்குக் கைதட்டியது.

நாடா நெருங்கியது. டத்தோ கத்தரிக்கோலைத் தூக்கினார், வண்டியைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், ஒரு பக்கமாக ஒதுங்கினார். டிராமின் மூக்கு நாடாவை இழுத்துக்கொண்டே போய் அறுத்தது. பழக்க தோஷத்தில் கொஞ்சம் பேர் கைதட்டிவிட்டார்கள்.

“மேசை! மேசையத் தூக்கு லா!” என்று தங்கராஜு கத்திக்கொண்டே கூட ஓடிவந்தார். ஓடினார் என்றுகூடச் சொல்ல முடியாது, வேக நடைதான். பந்தலில் சமையல்காரர்கள் தூக்க ஆரம்பித்தார்கள். ஊறுகாய் போனது. தயிர்ப் பச்சடி போனது. பிரியாணி அண்டாவை நாலு பேர் தூக்கினார்கள். பருப்புக் குழம்புச் சட்டியைத் தூக்கியவன் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் டிராமுக்கு முன்னாலேயே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான், பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கிறவன் மாதிரி.

“பக்கத்துல போடா!” என்று குமுதவல்லி கத்தினாள்.

“எந்தப் பக்கம்கா?”

“எந்தப் பக்கமாச்சும் போ! எனக்குத்தான் திரும்ப முடியாது!”

அவன் ஒதுங்கினான். எண்ணெய்க் காப்பு பந்தல் வாசலோடு முடிந்திருந்தது. சுத்தமான இரும்பில் வறுத்த மணல் விழுந்தது. சக்கரம் கடித்தது. டிராம் ஒரு உலுக்கு உலுக்கி, காலி மேசையை விரலால் தள்ளுவது போல ஒரு சாண் தள்ளிவிட்டு நின்றது. ஜெயசங்கரின் பரிவட்டம் மட்டும் நிற்காமல் போய் கண்ணாடியில் மோதி விழுந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. குமுதவல்லி கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே கடல் போல வேர்த்திருந்தது. சட்டைப் பையில் போன் துடித்தது. சிரிப்பு முகமாக இருக்கும். அவள் எடுத்துப் பார்க்கவில்லை. இன்றிரவே கையுறைகள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

விஜிதா இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “என்ன ஆச்சு? ஏன் நிக்கல? தண்டவாளத்துல யாரு என்ன செஞ்சது?”

தங்கராஜு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் எண்ணெய்ப் போத்தலை இன்னும் பிடித்திருந்தார். ஜெயசங்கர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நேராகத் தப்பிக்கலாம் என்று குமுதவல்லிக்குத் தெரியும். ஆனால் ஜெயசங்கருக்கு வேலை போகும். கமிட்டியைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடும். நாளைக்கு இதே லயத்தில்தான் அவள் துணி காயப்போட வேண்டும். மாரியம்மா ஒரு வருஷம் பேசுவாள்.

“பனி மேடம்,” என்றாள்.

“பனியா?”

“இது பள்ளம். ராத்திரி பேஞ்ச பனி வெயில் ஏறுற வரைக்கும் இரும்புலயே நிக்கும். சக்கரம் புடிக்காது. இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சு எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

விஜிதா மூக்கை உறிஞ்சினாள். “ஏதோ எண்ணெய் ஸ்மெல் வருதே?”

“பிரியாணி மேடம்” என்றார் தங்கராஜு, போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்.

மணலைக் கொட்டிக் கொட்டி டிராமை மேலே கொண்டுவந்து சேர்த்த பிறகு, அன்று மாலை விஜிதா குமுதவல்லியையும் ஜெயசங்கரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டாள். குமுதவல்லி கோட்டை மடித்துக் கொண்டுபோனாள், திருப்பிக் கொடுப்பதற்காக. ஆனால் விஜிதா சிரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவர் எடுத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததாம். மணியடித்துக்கொண்டே வழுக்கும் டிராம், அதற்கு முன்னால் குழம்புச் சட்டியோடு பின்னோக்கி நடக்கும் பையன். பார்த்தவர்கள் எல்லாம் இந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்களாம்.

“குமுதா, யூ ஆர் கன்ஃபர்ம்ட். பெர்மனென்ட்” என்றாள். குமுதவல்லி கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் விஜிதா அடுத்ததைச் சொன்னாள். “இன்னொரு விஷயம். வாங்குறவங்க எல்லாம் பகல்ல வேலைக்குப் போறாங்க. ஸோ, டிராம நைட்டுக்கு மாத்துறோம். வண்டி முழுக்க லைட் கட்டி, மிட்நைட் வரைக்கும். சூப்பரா இருக்கும்ல?”

குமுதவல்லி தப்பித்து வந்த கிணற்றுக்குள்ளேயே அவளைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். சட்டென்று தான் காலையில் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. அதுதான் கையில் இருந்தது.

“முடியாது மேடம். ராத்திரிதான் பனி பேயும். காலையில மிச்சம் நின்னதுக்கே இந்தக் கதி. ராத்திரி எடுத்தா மாதிரி வீட்டுக்குள்ளயே போயிரும்.”

விஜிதா யோசித்தாள். கெட்டிக்காரி, அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. “வேற நாட்டுல எல்லாம் நைட் ஓடுமே? அங்க பனி இல்லையா?” என்று ஜெயசங்கர் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க சொல்லுங்க. ஹிஸ்டரி உங்களுக்குத்தான் தெரியும்.”

ஜெயசங்கர் எழுந்து நின்றார். பாடம் சொல்லும்போது எழுந்து நிற்பது அவர் வழக்கம். குமுதவல்லி அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். ஒரு வருஷம் தவறிப்போனதற்கு இரண்டு நாள் வாய் திறக்காத மனிதர். அவரிடம் எதையும் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

“மேடம்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “உலகத்தில எந்த நகரத்திலயும் இருட்டின பிறகு டிராம் ஓடினதில்லை.”

உலகத்தின் மறுபாதியில் இரவாக இருந்த ஊர்களில் எல்லாம் டிராம்கள் அப்போது விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

“ஒரு ஊர்லயும் இல்லையா?”

“ஒரு ஊரிலயும் இல்லை. அந்தக் காலத்திலயே சட்டம் போட்டுத் தடுத்துப்போட்டினம்.” ஆரம்பித்துவிட்டதால் அவரால் நிறுத்த முடியவில்லை. “மெட்ராஸில சூரியன் மறைஞ்சவுடன ஷெட்டுக்குள்ள போயிடும். மணியும் அடிக்க மாட்டினம்.”

“ஓ, ஐ சி” என்று விஜிதா போனில் எதையோ அழித்தாள். “சரி, பகல்லயே ஓட்டுங்க.”

வெளியே வந்ததும் ஜெயசங்கர் டிராமின் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நானே சொன்னன் பிள்ளை. என்ர வாயால. சட்டம் எண்டும் சொன்னன்.”

“நல்லாத்தான் இருந்துச்சு சார். நானே நம்பிட்டேன்.”

“மெல்பர்னில விடிய விடிய...”

“சார். அத மனசுக்குள்ளயே வச்சுக்குங்க.”

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாக எழுந்து, இறக்கத்தில் இன்னும் மின்னிக்கொண்டிருந்த தண்டவாளத்தைப் பார்க்காமல் நடந்து போனார்.

குமுதவல்லி வண்டியை ஷெட்டுக்குள் விட்டு, மின்கம்பியைத் தொடும் கூரைத் தடியை இறக்கி, கதவைப் பூட்டினாள். போனை எடுத்து அந்தத் தொழிற்சாலைச் சூப்பர்வைசரை வாட்சப்பில் தடை செய்தாள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, சாப்பிட்டு, இருட்டியதும் படுத்துத் தூங்கினாள்.